கிராணியார் எழுதிய கணக்கு இப்போது நம் கையில்

"ஐயா, நான் சின்னதாகப் பிழைப்பு நடத்துகிறவன். வருமான வரியெல்லாம் பெரிய தவுக்கேமார்களுக்குத்தானே?"

தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து வரியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். கேட்கிறவர் புல் வெட்டும் குத்தகை எடுத்திருப்பார். அல்லது ஒரு சின்ன லோரி வைத்து மணலும் கல்லும் ஏற்றுவார். அவர் மனைவி கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுப்பார். பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பார். இவர்கள் யாரும் அரசாங்கத்தை ஏமாற்றக் கிளம்பியவர்கள் இல்லை. வரி என்ற ஒன்று தங்கள் வாசல்படி வரை வரும் என்று நினைத்துப் பார்க்காதவர்கள், அவ்வளவுதான். நேயர்களே, நம்முடைய இன்றைய பேச்சு இவர்களுக்காகவே.

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். மலாயாவில் வருமான வரியைக் கொண்டு வந்தவர்கள் பிரிட்டிஷார். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1948 ஜனவரி முதல் தேதியில் அது நடப்புக்கு வந்தது. தங்கள் காலனி நாடுகளுக்கென்று 1922-ல் தயாரித்து வைத்திருந்த ஒரு மாதிரிச் சட்டத்தைப் பார்த்துத்தான் அதை எழுதினார்கள். அதற்கு முன்னால் அரசாங்கத்துக்குப் பெரும் வருமானம் ஈயத்துக்கும் இரப்பருக்கும் போட்ட ஏற்றுமதி வரியில் இருந்து வந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய ஈயம் கப்பல் ஏறும்போதே வரி கட்டி முடிந்துவிடும். லம்பத்தில் மண் வெட்டியவருக்கும் பால்மரம் சீவியவருக்கும் அந்த வரியின் முகமே தெரியாது.

தோட்டத்தில் நம் தாத்தா பாட்டிகளின் கணக்கை யார் எழுதினார்கள்? கிராணியார் எழுதினார். பெரட்டில் பெயர் கூப்பிடுவது, கொண்டு வந்த பாலை நிறுப்பது, செக்ரோலில் பேர் போடுவது, அரிசிக் காசு, முன்பணம், கோயில் வரி எல்லாவற்றையும் கழித்து மிச்சத்தைக் கையில் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. உழைப்பு நம்முடையது, கணக்கு அவருடையது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிறகு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது நம் மக்கள் வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். கைத்தொழில் கூடவே வந்தது. கணக்கு எழுதும் பழக்கம் மட்டும் செக்ரோலோடு தோட்ட ஆபீஸிலேயே தங்கிவிட்டது.

நல்ல காலத்துக்கு, வெகுநாள் வரை வருமான வரியிலும் ஒரு கிராணியார் இருந்தார். நாம் வருமானத்தை எழுதி அனுப்பினால், வரி எவ்வளவு என்று அதிகாரிகள் கணக்குப் பார்த்துக் கடிதம் போடுவார்கள். 2004-ஆம் ஆண்டோடு அது முடிந்தது. கம்பெனிகளுக்கு 2001-லும், தனிநபர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் 2004-லும் சுயமதிப்பீட்டு முறை வந்தது. பிரிட்டனில் 1996-97 வரியாண்டில் தொடங்கிய அதே வழிதான். நாமே வருமானத்தைக் கூட்டி, நாமே செலவைக் கழித்து, நாமே வரியைக் கணக்குப் போட்டு, நாமே கட்ட வேண்டும். உள்நாட்டு வருமான வரி வாரியம் அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளும். சந்தேகம் வந்தால் பிற்பாடு வந்து, "ஆதாரம் எங்கே?" என்று கேட்கும். சின்ன வியாபாரிகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எந்தப் பாரம் உங்களுடையது?

சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்கு பி.இ. பாரம். சொந்தத் தொழில் வருமானம் ஒரு வெள்ளி இருந்தாலும் பி பாரம். பி.இ. பாரத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30, பி பாரத்துக்கு ஜூன் 30. இணையம் வழி அனுப்புகிறவர்களுக்கு வாரியம் வழக்கமாக இரண்டு வாரம் கூடுதல் அவகாசம் தருகிறது.

இதில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்றைச் சொல்கிறேன். உலு கிந்தா பஹாகியா மருத்துவமனையை எடுத்துக் கொள்ளுங்கள். 1911-ல் தொடங்கிய இடம். வெளியூர்க்காரர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேலி பேச அதைப் பயன்படுத்துவார்கள். அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அங்கே மாதச் சம்பளத்தில் இருக்கும் ஒருவர், சனி ஞாயிறில் விருந்துச் சமையல் ஆர்டர் எடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். சம்பளத்தில் மாதா மாதம் வரி பிடித்துவிடுகிறார்கள், ஆகவே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் நினைப்பார். முடியவில்லை. சமையல் வருமானமும் சேர்ந்ததுதான் அவர் வருமானம். அவர் நிரப்ப வேண்டியது பி பாரம். மாலையில் கார் ஓட்டிப் பயணிகளை ஏற்றுகிறவருக்கும், வீட்டில் டியூஷன் நடத்தும் ஆசிரியைக்கும், தம்புன் பக்கம் பொமலோ விற்கிற தோட்டக்காரருக்கும் இதே கதைதான்.

வீடு ஒன்றை வாடகைக்கு விட்டிருந்தால் அது வேறு. சாதாரண வாடகை வருமானத்தை பி.இ. பாரத்திலேயே காட்டலாம். அந்த வாடகையில் இருந்து நிலவரி, மதிப்பீட்டு வரி, பழுது பார்த்த செலவு, வீட்டுக்கடனின் வட்டி ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம். வட்டியை மட்டும்தான், கடனின் அசலை அல்ல.

இன்னொன்று. எஸ்.எஸ்.எம். என்கிற கம்பெனிகள் ஆணையத்தில் தொழிலைப் பதிந்துவிட்டால் வரிக்கும் பதிந்தாயிற்று என்று பலர் எண்ணுகிறார்கள். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி கட்டி வாங்குகிற அந்தப் பத்திரம் தொழிலுக்குப் பிறப்புப் பத்திரம் மாதிரி. ஈப்போ மாநகர் மன்றம் தரும் லைசென்ஸ் வேறு. வருமான வரிக் கோப்பு வேறு. மூன்றும் மூன்று வாசல், ஒன்றில் நுழைந்தால் மற்றதில் பெயர் தானாக ஏறிவிடாது.

555 புத்தகமும் ஒரு வரிப் பத்திரம்தான்

மளிகைக் கடைகளில் கடன் கணக்கு எழுதும் அந்தச் சின்ன 555 புத்தகம் நம் எல்லாருக்கும் தெரியும். சம்பளம் வந்ததும் கொடுக்கிறேன் என்று சாமான் வாங்கிப் போனவர்களின் பெயர் அதில் இருக்கும். கடைக்காரர் பெரும்பாலும், கல்லாவில் விழுந்த காசைத்தான் விற்பனை என்று நினைக்கிறார். வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சாமான் கைமாறி, காசு வர வேண்டிய கடனாக நின்றாலே அது விற்பனை. ஆகவே டிசம்பர் 31-ல் 555 புத்தகத்தில் நிற்கும் பாக்கியும் அந்த ஆண்டு வருமானத்தில் சேர வேண்டும்.

இது அநியாயம் போலத் தோன்றும். வராத காசுக்கு வரியா? இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. உண்மையாகவே வசூலாகாது என்று தெரிந்த கடனைச் செலவாகக் கழிக்கலாம். ஆனால் கேட்டுப் பார்த்தேன், ஆள் ஊரை விட்டுப் போய்விட்டார், இத்தனை முறை தொடர்பு கொண்டேன் என்று காட்ட ஏதாவது ஓர் ஆதாரம் வேண்டும். அதனால் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பெயர், தேதி, தொகை மூன்றும் இருக்கிற 555 புத்தகம், ஒன்றும் எழுதாத விலை உயர்ந்த கணக்குப் புத்தகத்தைவிட மேலானது.

எல்லா ஆதாரங்களையும் ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பெட்ரோல் நிலையத்திலும் சூப்பர்மார்க்கெட்டிலும் கொடுக்கிற வழுவழுப்பான ரசீது ஆறு மாதத்தில் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும். வாங்கின அன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்து, மாதம் ஒரு உறை போட்டுக் காகிதத்தையும் வையுங்கள். பழைய மாவு டின் ஒன்று போதும்.

காகிதம் இருந்தால் சைபர், இல்லாவிட்டால் ஐயாயிரம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தஞ்சோங் ரம்புத்தானில் ஒருவர் புல் வெட்டும் குத்தகை எடுத்திருக்கிறார். மாதம் 8,000 வெள்ளி வருகிறது, ஆண்டுக்கு 96,000. ஒரு வேலையாள். அவருக்குச் சம்பளம் 24,000. அவருக்காக முதலாளி கட்டும் இ.பி.எப்., சொக்சோ சுமார் 3,500. பெட்ரோல், எண்ணெய் 9,500. மெஷின் பழுது, கத்தி, கயிறு 4,000. லோரிக்குச் சாலை வரி, காப்புறுதி 2,000. ஆக மொத்தம் செலவு 43,000. மீதி 53,000.

அந்த ஆண்டுதான் அவர் பழைய சின்ன லோரி ஒன்றை ரொக்கமாக 30,000 வெள்ளிக்கு வாங்கினார். லோரி வாங்கின காசை ஒரே ஆண்டில் செலவாகக் காட்ட முடியாது. அதற்கு மூலதனக் கழிவு என்று தனி வழி உண்டு. முதல் ஆண்டில் தொடக்கக் கழிவு 20 விழுக்காடு, ஆண்டுக் கழிவு 20 விழுக்காடு, இரண்டும் சேர்த்து 12,000 வெள்ளி. அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 6,000. நான்கு ஆண்டில் லோரியின் விலை முழுதும் கழிந்துவிடும். தவணையில் வாங்கியிருந்தால் அந்தந்த ஆண்டு கட்டிய அசலுக்குத்தான் இந்தக் கணக்கு. 53,000-ல் 12,000 போக 41,000.

இனி அவருடைய சொந்தக் கழிவுகள். தனக்கு 9,000. வேலைக்குப் போகாத மனைவிக்கு 4,000. பதினெட்டு வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகளுக்கு 4,000. ஆயுள் காப்புறுதி 2,000. எல்லாம் 19,000. வரிக்குரிய வருமானம் 22,000 வெள்ளி. இதற்கு வரி 210 வெள்ளி. ஆனால் வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளிக்கு மேல் போகாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி இருக்கிறது. ஆகக் கட்ட வேண்டியது சைபர்.

இப்போது அதே மனிதர், அதே உழைப்பு. ஒரு ரசீதும் இல்லை. வேலையாளுக்குக் கையில் காசு கொடுத்தார், கையெழுத்து வாங்கவில்லை, இ.பி.எப். கட்டவில்லை. லோரி பெயர் மாற்றவில்லை. வேலை கொடுத்த நிறுவனத்தின் கணக்கிலோ இவருக்கு 96,000 கொடுத்ததாகத் தெளிவாக இருக்கிறது. வாரியம் அதைக் காட்டிக் கேட்டால் இவரிடம் பதில் இல்லை. செலவு எதுவும் ஏற்கப்படாவிட்டால், 19,000 போக வரிக்குரிய வருமானம் 77,000. வரி 5,030 வெள்ளி. அதன் மேல் அபராதம். ஒரே தொழிலில் சைபருக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவில் நிற்பது ஒரு மாவு டின் நிறையக் காகிதம்!

இன்னொரு பக்கமும் உண்டு. இவர் நாளைக்கு வங்கிக்குப் போய் வீட்டுக்கடனோ தொழில் கடனோ கேட்டால், அங்கே முதலில் கேட்பது பி பாரத்தையும் வரி கட்டிய ரசீதையும்தான். வருமானத்தை மறைத்து வைத்தவருக்குக் கடன் கேட்கும் நாளில் வருமானமே இல்லாமல் போய்விடுகிறது. நம்மவர்கள் அதிக வட்டிக்குத் தனியாரிடம் போய் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வீட்டுக்கு எடுத்துப்போன அரிசி

கடைக்காரர் தன் கடையில் இருந்து ஒரு மூட்டை அரிசியும் இரண்டு டின் எண்ணெயும் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். என் கடை, என் சாமான், இதில் வரிக்கு என்ன வேலை என்று கேட்பார். நம் சட்டத்தின்படி அப்படி எடுத்த சரக்கின் சந்தை விலையை விற்பனையில் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1955-ல் பிரபுக்கள் சபை வரைக்கும் போன புகழ்பெற்ற வழக்கு ஒன்று இதே விஷயத்தில்தான். ஷார்க்கி எதிர் வெர்னர் என்பார்கள். அங்கே அரிசி இல்லை, குதிரை! ஒரு சீமாட்டி தொழிலாக நடத்திய குதிரைப் பண்ணையில் இருந்து சில குதிரைகளைத் தன் பொழுதுபோக்குப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டார். வளர்த்த செலவையா, சந்தை விலையையா கணக்கில் காட்டுவது என்பது கேள்வி. சந்தை விலையைத்தான் என்று தீர்ப்பாயிற்று. குதிரைக்கும் அரிசிக்கும் ஒரே நியாயம்.

அதே போல, முதலாளி தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளம் தொழிலின் செலவு ஆகாது. வருமானம் ஈட்டுவதற்காகவே முழுக்க முழுக்கச் செய்த செலவைத்தான் கழிக்கலாம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டு மின்சாரக் கட்டணம், தீபாவளிச் சேலை இவை எதுவும் அதில் வராது. குடும்பத்துக்கும் தொழிலுக்கும் ஒரே கார் என்றால் தொழிலுக்கு ஓடிய பங்கை மட்டும் நியாயமாகப் பிரித்துக் காட்டுங்கள்.

இந்தப் பிரிவினை சுலபமாக வேண்டும் என்றால் தொழிலுக்கு ஒரு தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். எல்லாப் பணமும் ஒரே கணக்கில் போய் வந்தால், தணிக்கைக்கு வரும் அதிகாரி உள்ளே வந்த ஒவ்வொரு தொகைக்கும் விளக்கம் கேட்பார். மகள் கல்யாண மொய், நகை அடகு வைத்த பணம், அண்ணன் கொடுத்த கைமாற்று எல்லாம் விளக்கம் இல்லாவிட்டால் வியாபார வருமானம் போலத் தெரியும். மொய் எழுதிய நோட்டும் அடகுச் சீட்டும் அங்கே உதவும். கூட்டுப் பணம் என்று சொல்லித் தப்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கூட்டு நடத்துவதே 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை.

கேட்டால்தான் கிடைக்கும் கழிவுகள்

கழிவுகளை நாமே எழுதிக் கேட்க வேண்டும். அம்மா அப்பாவின் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. சிகிச்சை மலேசியாவில் நடந்திருக்க வேண்டும், பதிவு பெற்ற மருத்துவர் சான்று தர வேண்டும். சென்னைக்கு அழைத்துப் போய்ப் பார்த்த வைத்தியம் இதில் சேராது. உயர்கல்வியில் இருக்கும் பிள்ளைக்கு 8,000. புத்தகம், கணினி, கைப்பேசி, வீட்டு இணையக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,500. கல்வி, மருத்துவக் காப்புறுதிக்கு 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் 4,000. சொந்தத் தொழில் செய்கிறவர் தானே முன்வந்து இ.பி.எப்.-பில் போடும் பணத்துக்கும் 4,000 வரை கழிவு கிடைக்கிறது. முதுமைக்குக் கிராணியார் இல்லாதவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன்.

கோயிலுக்குக் கொடுத்த நன்கொடையைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். எல்லா ரசீதும் செல்லாது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், ரசீதிலும் அது குறிப்பிடப்பட்டிருக்கும். திருவிழா உபயத்துக்கு வரிக்கழிவு கிடைக்காது என்பதற்காக உபயத்தை நிறுத்தச் சொல்லவில்லை!

கம்பெனியாக மாற்றிக்கொண்டால் வரி குறையுமா என்ற கேள்வியும் வரும். சிறிய செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனிகளுக்கு முதல் 150,000 வெள்ளி லாபத்துக்கு 15 விழுக்காடு வரி. தனி ஆளுக்கு 60,000 வெள்ளி வரிக்குரிய வருமானத்துக்கு வருகிற வரியே 2,600 தான், அதாவது ஐந்து விழுக்காடு கூட ஆகவில்லை. கம்பெனி என்றால் செயலாளர், தணிக்கையாளர் என்று செலவும் கூடும். சின்னத் தொழிலுக்கு அவசரம் வேண்டாம்.

திறக்காத கடிதம்

தொழில் வருமானம் காட்டியவருக்கு வாரியம் சி.பி. 500 என்ற கடிதம் அனுப்பும். போன ஆண்டு வரியை வைத்து இந்த ஆண்டுக்கு ஒரு தொகையை மதிப்பிட்டு, மார்ச் மாதம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆறு தவணையில் கட்டச் சொல்லும். தவணை தேதியில் இருந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால், கட்டாத தொகையில் 10 விழுக்காடு கூடும். வியாபாரம் படுத்துவிட்டது, இவ்வளவு கட்ட முடியாது என்றால், ஜூன் 30-க்குள் சி.பி. 502 பாரத்தில் தொகையைக் குறைக்கச் சொல்லி எழுதலாம். பலர் இதைச் செய்வதில்லை. காரணம் மிகச் சாதாரணம். கடிதம் அவர்கள் கைக்கே வருவதில்லை.

தோட்டத்தில் இருந்து தாமானுக்கு மாறியவர்கள், மகன் வீட்டுக்குப் போனவர்கள், பழைய முகவரியையே வரிக் கோப்பில் விட்டிருப்பார்கள். லயம் இடிந்த இடத்துக்குக் கடிதம் போகும். முகவரி மாறினால் மூன்று மாதத்துக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கடிதம் கிடைக்கவில்லை என்பது அபராதத்தை நிறுத்தாது.

பாக்கி அப்படியே நின்றால் என்ன நடக்கும்? வருமான வரிச் சட்டத்தின் 104-ஆம் பிரிவின்படி ஒருவர் நாட்டை விட்டு வெளியே போவதைத் தடுக்க முடியும். இந்தியாவுக்குக் கோயில் பயணம், சொந்தக்காரர் கல்யாணம் என்று டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி, விமான நிலையக் குடிநுழைவு முகப்பில் நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். அந்த நேரத்தில் எந்தச் சமாதானமும் எடுபடாது. பயணத் தடை இருக்கிறதா என்பதை முன்கூட்டியே இணையத்தில் பார்த்துக்கொள்ள முடியும். வியாபாரம் நடத்துகிறவர்கள் டிக்கெட் வாங்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது.

இந்தப் பயத்தை வைத்தே பிழைக்கிற கூட்டமும் இருக்கிறது. வருமான வரி ஆபீஸில் இருந்து பேசுகிறோம், உங்கள் பேரில் பல ஆயிரம் பாக்கி, இந்தக் கணக்கில் உடனே போடுங்கள் என்று தொலைபேசியில் மிரட்டுவார்கள். தனி ஆளின் வங்கிக் கணக்கில் வாரியம் வரி வாங்குவதில்லை. போனை வைத்துவிட்டு, மைடேக்ஸ் இணையத்தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள், அல்லது ஈப்போ கிளைக்கு நேரில் போங்கள்.

மின்னியல் விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ், பற்றிச் சின்னக் கடைகளில் பெரிய கலக்கம் இருந்தது. 2024 ஆகஸ்டில் மிகப் பெரிய கம்பெனிகளில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வந்தது. 2025 டிசம்பரில் அரசாங்கம் விலக்கு வரம்பை ஆண்டு விற்பனை பத்து இலட்சம் வெள்ளி என்று உயர்த்தியது. நாம் பேசுகிற ஆட்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வரம்புக்குக் கீழேதான். பிரிட்டனிலும் 2026 ஏப்ரல் 6 முதல், தொழிலிலும் வாடகையிலும் ஆண்டுக்கு 50,000 பவுனுக்கு மேல் மொத்த வருமானம் உள்ள சுயதொழில்காரர்கள் கணினிவழிக் கணக்கு வைக்கும் முறைக்குள் வருகிறார்கள். எல்லா இடத்திலும் காற்று ஒரே பக்கம்தான் அடிக்கிறது. ஜி.எஸ்.டி. 2018-ல் போய், எஸ்.எஸ்.டி. திரும்ப வந்ததை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது சுங்கத் துறையின் விஷயம்.

பல ஆண்டாகப் பாரமே அனுப்பாதவர்கள்

கடைசியாக, வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி. நான்கைந்து ஆண்டாக வியாபாரம் நடக்கிறது, பாரமே அனுப்பவில்லை. இப்போது போனால் பிடித்துக்கொள்வார்களா?

பாரம் அனுப்பாததற்கு நீதிமன்றம் போனால் 200 வெள்ளியில் இருந்து 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. அபராதமே இல்லாமல் பழைய கணக்கைச் சரி செய்துகொள்ளும் சிறப்புத் திட்டம் 2023 ஜூன் முதல் 2024 மே வரை இருந்தது, அது முடிந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் வந்து கண்டுபிடிக்கும் முன் நாமே போய்ச் சொன்னால் அபராதம் குறைவு என்பது இன்றும் நடப்பில் உள்ள முறை. மொத்தமாகக் கட்ட முடியாதவர் தவணை கேட்டு விண்ணப்பிக்கலாம். பாரம் அனுப்பியவர் வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால், கெடு தேதியில் இருந்து ஆறு மாதத்துக்குள் திருத்தப் பாரம் அனுப்ப வழி உண்டு. வாரியம் போட்ட வரி அதிகம் என்று நினைக்கிறவர் மதிப்பீட்டுக் கடிதத் தேதியில் இருந்து 30 நாளுக்குள் கியூ பாரத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்த 30 நாளை விட்டுவிட்டால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் கதவு மூடிக்கொள்ளும்.

உதவிக்கு ஆள் வைத்தால், அரசாங்க அனுமதி பெற்ற வரி முகவரா என்று கேளுங்கள். வரிப் பணத்தை அவர் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் நீங்களே வங்கியிலோ இணையத்திலோ கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போ கிளைக்கு முதல் முறை போகிறவர் அடையாளக் கார்டு, எஸ்.எஸ்.எம். பத்திரம், வங்கிக் கணக்கு அறிக்கை, ஆண்டு வாரியாகப் பிரித்த ரசீதுகள், சம்பளம் கொடுத்திருந்தால் இ.பி.எப்., சொக்சோ கட்டிய தாள்கள், இப்போது குடியிருக்கும் முகவரி ஆகியவற்றோடு போக வேண்டும். கணக்கு எழுதியே வைக்கவில்லை என்றால், வங்கி அறிக்கையில் மாதம் மாதமாக வந்ததையும் போனதையும் ஒரு தாளில் எழுதி, நினைவில் இருக்கும் வரை எது எதற்கு என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு போங்கள்.